ஓஷுக்கு எவ்வளவு நேரம்

போனை எடுத்ததும் சலாம் சொல்லாமல், நலம் விசாரிக்காமல், இரண்டு ஊர்ப் பெயரைச் சொல்லி "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று யாராவது கேட்டால், எங்கள் ஊரான கோக்-புலாக்கில் ஒருவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். சுர்குத்திலிருந்து ஓஷுக்கு எவ்வளவு நேரம்? கிராஸ்னோயார்ஸ்கிலிருந்து எவ்வளவு? கேட்பவர்களின் குரல் ஒரே மாதிரி இருக்கும். அழுது முடித்துவிட்டு, காரியத்தைப் பார்க்க எழுந்தவர்களின் குரல்.

நான் ஓஷ் விமான நிலையத்தில் பாதை போடுகிறவன். எந்த விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், காற்று எதிரா பின்னாலா, எவ்வளவு எரிபொருள், எத்தனை மணிக்குச் சக்கரம் தரையைத் தொடும் என்று கணக்குப் போட்டு விமானியிடம் கொடுப்பது என் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. ஊருக்குப் போடும் கணக்குக்குச் சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் ருஷ்யாவில் சுவர் கட்டுகிறார்கள், பனி வாருகிறார்கள். பெற்றவர் இறந்தால் மகன் வந்து ஒரு பிடி மண் போட வேண்டும். அதற்காக அடக்கத்தை ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிவைக்கலாம். எத்தனை மணிக்கு வருவான் என்று தெரியாமல் தள்ளிவைக்க முடியாது. அதற்குத்தான் எசென்குல் என்கிற நான்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இரண்டு ஊரைத் தட்டினால் அது ஒரு தூரத்தைக் காட்டும், ஒரு நேரத்தைக் காட்டும். "போன்ல இரண்டரை மணிதான் போட்டிருக்கு, நீ மூணேகால்ங்கிறியே?" என்று சண்டைக்கு வருவார்கள். போனுக்கு என்ன தெரியும்? அது வரைபடத்தில் ஒரு கோடு இழுக்கிறது. கோட்டின்மேல் எந்த விமானமும் பறப்பதில்லை. மலையைச் சுற்ற வேண்டும், மூடிவைத்த வான்பகுதியை விட்டு ஒதுங்க வேண்டும், மேற்கிலிருந்து வரும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். இறங்கிய பிறகு கணவாய்ச் சாலை. அதில் பனி. இதையெல்லாம் கூட்டிச் சொல்லி, ஒரு நிமிஷம்கூடக் குறைக்க மாட்டேன் என்றால் எனக்குக் கஞ்சன் என்று பெயர். நேரத்தில் என்ன கஞ்சத்தனம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

வருகிறவனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்வதில்லை. அது எங்கள் வழக்கம். தூரத்தில் தனியாக இருப்பவன் காதில் மரணத்தைப் போடக் கூடாது. "உன் அத்தாவுக்குக் கொஞ்சம் முடியல, வந்து பாத்துட்டுப் போ" என்று சொல்லிக் கூப்பிடுவார்கள். அத்தா என்றால் அப்பா. கூட ஒரு துணையை ஏற்பாடு செய்வார்கள். அவன் ஊர் எல்லைக்கு வந்த பிறகு பெரியவர்கள் எதிரே போய், இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அதுவரை விமானம் முழுக்கத் தெரிந்திருக்கும், அவன் ஒருவனைத் தவிர. என் அலுவலக ஜன்னலிலிருந்து அப்படி எத்தனையோ பேர் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். கையில் பெட்டி இருக்காது. பக்கத்தில் ஒருவன் இடித்துக்கொண்டே நடப்பான். வரிசையில் எல்லோரும் வழிவிடுவார்கள். எங்கள் ஆட்களில் ஒருவனுக்குத் திடீரென்று மரியாதை கூடினால் அவன் பயப்பட வேண்டும்.

இந்த வேலை ஒரு ஆளைச் சும்மா விடாது. மற்றவர்களுக்குத் திரையில் சுர்குத்–ஓஷ் என்பது ஒரு கோடு. எனக்கு அது, அங்கே வேலை செய்யும் காதிரின் செத்துப்போன தாய். கிராஸ்னோயார்ஸ்க் பாதையில் கொல்லன் வீட்டுப் பெரிய மகன் தம்பிக்காகக் காத்துப் படுத்திருக்கிறான். பகல் வெளிச்சத்தில், சுற்றிலும் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, நான் கோடு போடுகையில் காதோரம் ஒரு குரல் கேட்கும்: "இன்னும் எவ்வளவு நேரம்?" பயமுறுத்துகிற குரல் இல்லை. படுத்துக்கொண்டே கேட்கிற குரல். முதல் தடவை கேட்டபோது பக்கத்து மேசைக்காரனைத் திட்டிவிட்டேன். பாவம், அவன் அன்று லீவு. அவனுடைய நாற்காலியைத்தான் திட்டியிருக்கிறேன்.

இதை என் மனைவி சய்ராவிடம் மட்டும் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"அதுக்கென்ன, பதில் சொல்லிட வேண்டியதுதானே?"

"யாருக்குடி?"

"கேட்டவங்களுக்கு. படுத்துக் கிடக்கிறவங்களுக்கு வேற என்ன கவலை? புள்ள எப்ப வருவான்னு கேக்குறாங்க. உங்க உத்தியோகமே அதுதானே."

அன்றிலிருந்து நான் பதில் சொல்லத் தொடங்கினேன். "மூணு மணி நேரம், அம்மா. காத்து எதிர்ல இருக்கு" என்று திரையைப் பார்த்து முணுமுணுப்பேன். அலுவலகத்தில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

சாப்பிடும்போது போன் அடித்தால் சய்ரா என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"எடுக்காதீங்க. நீங்க எடுத்தா ஊர்ல ஒரு ஆள் காலி."

"எடுக்கலன்னா பிழைச்சுக்குவாங்களா?"

"நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்குமாவது இருப்பாங்கல்ல. சூப்பு ஆறுது."

சென்ற ஏப்ரலில், புதுக் கணினிமுறை ஒன்றைக் கற்றுக்கொள்ள என்னை நோவோசிபிர்ஸ்குக்கு அனுப்பினார்கள். அப்போதே என் அபாவுக்கு இதயம் சரியில்லை. அம்மாவைத்தான் நாங்கள் அபா என்போம். மாடிப்படி இல்லாத வீட்டில் இருந்துகொண்டே மூச்சு வாங்கியது. சய்ரா பார்த்துக்கொள்வதற்காகக் கோக்-புலாக்குக்குப் போனாள். மகள் மேரிம் ஓஷில் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஊரில் பள்ளிக்கூட மேட்டில் ஏறினால்தான் செல்போன் பேசும். சய்ரா தினமும் சாயங்காலம் மேடேறி வந்து பேசினாள். கடைசியாகப் பேசியபோது சைபீரியாவில் பைன் கொட்டை மலிவாமே, ஒரு மூட்டை வாங்கி வாருங்கள் என்றாள். மூட்டையா, நான் என்ன லாரியிலா வருகிறேன் என்று கேட்டேன். விமானத்துக்கு எரிபொருள் கணக்குப் போடுகிறவருக்கு ஒரு மூட்டைக் கொட்டைக்குக் கணக்குப் போடத் தெரியாதா என்று சிரித்தாள். மேட்டில் காற்று அடித்ததால் மற்றது கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை, வகுப்பின் இடைவேளையில், டீ ஆறட்டும் என்று ஜன்னலில் வைத்திருந்தபோது போன் வந்தது. என் சித்தப்பா மகன் தாலாய்.

"எசென் அண்ணே, நோவோசிபிர்ஸ்க்லேருந்து ஓஷுக்கு எவ்வளவு நேரம்?"

சலாம் இல்லை. நலம் இல்லை. நான் உடனே வேலைக்கு இறங்கிவிட்டேன். பழக்கதோஷம் என்பது இதுதான்.

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

"கோடு போட்டா ஆயிரத்து எழுநூத்தம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஆனா கோட்டுல எவன் பறக்கிறான்? பாதைப்படி இன்னும் கொஞ்சம் கூடும். எதிர்காத்து. மூணு மணி நேரம்னு வெச்சுக்க. மதியம் ஒரு விமானம் இருக்கு. அங்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால, அது உங்களுக்கு லாபம். கணவாய்ல பனி உருகிச் சேறா கெடக்கும், மெதுவாத்தான் வரணும். பொழுது சாயறப்ப வீட்டு வாசல்ல இருப்பான்."

"அப்ப அடக்கத்தை நாளைக்கு மதியம் வெச்சுக்கலாமா அண்ணே?"

"தாராளமா வெச்சுக்கலாம். யாருடா வர்றது?"

தாலாய் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டான். கணக்கு மட்டும் வேண்டும், வைக்கும்போது ஒரு வார்த்தை கிடையாது என்று திட்டிக்கொண்டே டீயை எடுத்தேன்.

எடுத்தவன் யோசித்தேன். நோவோசிபிர்ஸ்கில் எங்கள் ஊர்க்காரன் யார்? சலீமின் மகன் இலையுதிர்காலத்திலேயே திரும்பிவிட்டான். சந்தையில் உலர்ந்த பழம் விற்கும் ஜோல்தோஷ் பக்கத்து ஊர். அவனைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து பல வருஷம். மற்றவர்கள் மாஸ்கோவில், சுர்குத்தில், யாகூத்ஸ்கில். இங்கே வேறு யாரும் இல்லை. இங்கே நான் இருந்தேன்.

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். என் வீட்டுச் சாவுக்கு என் வாயாலேயே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வேறு. இந்த மடையன் தாலாய்க்குக் கேட்க வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று பல்லைக் கடித்தேன். கிடைக்கவில்லை, உண்மைதான். ஊரில் யாரிடம் கேட்டாலும் "எசென்குல்கிட்ட கேளு" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

யார்? அதுதான் கேள்வி. அபாவா, அத்தாவா, சய்ராவா, மேரிமா? நாலு பேர்தான். நாலு பேரையும் நிறுத்திவைத்து ஒருவரைத் தேர்ந்தெடு என்று யாரோ சொல்வதுபோல் இருந்தது.

சய்ராவின் போன் அணைந்திருந்தது. மேட்டில் ஏறினால்தானே பேசும், காலையில் ஏன் ஏறப்போகிறாள் என்று எனக்கு நானே சொன்னேன். மேரிமுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். அவள் குரலைக் கேட்டதும் நாலில் ஒன்றைக் கழித்தேன்.

"அத்தா! நானே போடணும்னு இருந்தேன்."

"எங்கம்மா இருக்க?"

"வண்டியில. தாலாய் சித்தப்பா ஆள் அனுப்பினாரு. பாட்டிக்கு முடியலையாம். உங்களுக்குத் தெரியுமா? அம்மா போனை எடுக்கவே மாட்டேங்கிறா."

"சிக்னல் இருக்காது."

"பாட்டிக்கு ரொம்ப முடியலையா அத்தா?"

"ஒண்ணும் ஆகாது. நீ போய் அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இரு."

அவளிடமும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்து வீட்டுக்குப் போட்டேன். அத்தா வீட்டில் கம்பி போன் உண்டு; எல்லோர் காதிலும் விழும் என்று சய்ரா அதில் பேச மாட்டாள். வெகுநேரம் அடித்தது. அத்தாவே எடுத்தார். ஆக, அத்தா இருக்கிறார்.

"அத்தா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உன் அபாவுக்குக் கொஞ்சம் முடியல. வந்து பாத்துட்டுப் போப்பா."

'போப்பா' என்றார். என் அத்தா எனக்கு மரியாதை கொடுத்ததும் இல்லை, கொஞ்சியதும் இல்லை.

"சய்ரா எங்க?"

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்தியது.

"உள்ள இருக்கா."

"கூப்பிடுங்களேன்."

"இப்ப முடியாது. பொம்பளைங்க எல்லாம் உள்ள இருக்காங்க."

மற்ற ஊர்களில் 'கொஞ்சம் முடியல' என்றால் கொஞ்சம் முடியவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எத்தனை பேருக்கு நானே அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெண்கள் எல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்றால், அபாவைக் குளிப்பாட்டுகிறார்கள். சய்ராதான் முன்னால் நின்று செய்துகொண்டிருப்பாள். மருமகள் கடமை.

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். முதலில் அழுகை வரவில்லை. மூச்சு வந்தது. சய்ரா இருக்கிறாள், மேரிம் இருக்கிறாள். அல்லாவுக்கு நன்றி என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என்னைப் பெற்றவள் செத்துக்கிடக்கிறாள், அந்தச் செய்திக்கு அவள் மகன் முதலில் சொன்ன வார்த்தை நன்றி.

ஒரு மணி நேரத்தில் ஜோல்தோஷ் வந்து நின்றான். பருத்த உடம்பு, தோளில் ஒரு பை, கையில் இரண்டு டிக்கெட்.

"எசென்! உன்னைத்தான் தேடுறேன். நானும் ஊருக்குப் போகலாம்னு பார்த்தேன். தற்செயலா உனக்கும் டிக்கெட் கிடைச்சுது."

"என் டிக்கெட் உனக்கு எப்படித் தற்செயலாக் கிடைச்சுது?"

"உன் அபாவுக்கு முடியலன்னு சொன்னாங்க. ஒண்ணும் பெரிசா இல்ல. சும்மா பாத்துட்டு வருவோம்."

"அப்ரிகாட் விக்கிறவன், கடையைப் பூட்டிட்டு, சும்மா வர்றியா?"

"வியாபாரம் டல்லுப்பா. சைபீரியாக்காரனுக்குப் பழம் திங்கத் தெரியல."

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தெரிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவன் முகம் விழுந்துவிடும். அவனுக்குக் கொடுத்த வேலை கெட்டுப்போகும். தெரியாதவன்போல் நடப்பதும் எங்கள் பக்கத்து மரியாதைதான். அதனால் என் பையை அவன் தூக்க விட்டேன். அவன் வாங்கித் தந்த தேநீரைக் குடித்தேன். நான் சொன்ன ஒரு மட்டமான நகைச்சுவைக்கு அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அது சிரிப்பில் வந்த நீரில்லை என்று எனக்குத் தெரியும்.

விமானத்தில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தான். பணிப்பெண் கேட்காமலே இரண்டாவது முறை தேநீர் கொண்டுவந்தாள். முன்வரிசைக்காரன் இருக்கையைச் சாய்க்கத் திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டு நிமிர்த்தியே வைத்துக்கொண்டான். இத்தனை வருஷம் ஜன்னலிலிருந்து பார்த்த ஆள் இப்போது நான்தான். எல்லோரும் என் பிடரியைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

காற்று எதிரேதான் இருந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக எதிர்காற்றை நினைத்து மகிழ்ந்தேன். இறங்கும்வரை எதுவும் நடக்கவில்லை, இறங்கினால்தான் நடக்கும். இன்னும் கொஞ்சம் பலமாக வீசட்டும், பாதையை மாற்றச் சொல்லட்டும், மேகத்தைச் சுற்றிக்கொண்டு போகட்டும். எரிபொருள் கணக்குப் போடுகிறவன் நினைக்கக் கூடாத நினைப்பெல்லாம் நினைத்தேன்.

பால்காஷ் ஏரி தெரிந்தபோது அழுதுவிட்டேன். ஜோல்தோஷ் உடனே தூங்குகிறவன்போல் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அபா கேட்டது ஞாபகம் வந்தது. "நீ விமானம் ஓட்டுவியா?" "இல்ல அபா, எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுவேன்." "ஓட்டுறவன் உன் பேச்சைக் கேப்பானா?" "கேட்டுத்தான் ஆகணும்." "அதிசயம்தான். வீட்ல நாய்கூட உன் பேச்சைக் கேக்காதே." அப்படிப்பட்ட வாய். அந்த வாயை இனிக் கேட்க முடியாதென்று அழுதேன். ஏரி பின்னால் போன பிறகும் அழுதேன். என்னிடமிருந்த அழுகையை மிச்சம் வைக்காமல் அழுதேன்.

அழுது ஓய்ந்த பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அந்தக் குரல் வரும் என்று தெரியும். இவ்வளவு பேர் கேட்டிருக்கிறார்கள், பெற்றவள் கேட்காமலா இருப்பாள்? மூணு மணி நேரம் அபா, பாதிக்கு மேல் வந்துவிட்டேன் என்று பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். கீழே மலைகள் வெள்ளை வெள்ளையாக வர ஆரம்பித்தன. இஞ்சின் சத்தத்துக்கு அடியில் அது வந்தது. ஆனால் எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.

"மெதுவா வாங்க" என்றது.

அவ்வளவுதான். அபா எனக்கு எப்போது மரியாதை கொடுத்தாள் என்று நினைத்தேன். இறந்த பிறகு எல்லோரும் எல்லோருக்கும் மரியாதை கொடுப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். ஜோல்தோஷிடம் போர்வை வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.

ஓஷில் தாலாய் வண்டியோடு நின்றான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டு விம்மினான்.

"மன்னிச்சிரு அண்ணே. யாருகிட்ட கேக்கிறதுன்னு தெரியல. போனை வெச்ச பிறகுதான் நான் என்ன பண்ணினேன்னு புரிஞ்சுது. உங்க அத்தா என்னைச் செருப்பாலயே அடிச்சாரு."

"இன்னும் ரெண்டு அடி சேத்து வாங்கியிருக்கணும். அழாத. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வண்டியை எடு."

"அண்ணே..."

"பேசாத. எடு."

நான் கத்தியதில் ஜோல்தோஷே பின்னிருக்கையில் சுருங்கிக்கொண்டான். யாராவது அதைச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். 'அபா இறந்துட்டா' என்ற அந்தச் சொற்களை ஒருவன் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை. கணவாயில் நான் சொன்னதுபோலவே சேறு.

ஊருக்கு முந்தைய வளைவில், பாப்ளார் மரங்களுக்குக் கீழே, மூர்சா பெரியவரும் இன்னும் இருவரும் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் எனக்கான துக்க அங்கி, இடுப்பில் கட்டும் துணி. வண்டி நின்றது. இரண்டு பேர் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்கள். மூர்சா பெரியவர் ஊரில் யார் இறந்தாலும் சொல்கிறவர். அதற்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறார்.

"எசென்குல், மகனே. உன் காதுல ஒரு சொல்லைப் போடணும். நீ ஆம்பளை. மனசை—"

"தெரியும் பெரியவரே."

அவர் நிறுத்திக்கொண்டார். யாரும் அவரை இதற்குமுன் இடைமறித்திருக்க மாட்டார்கள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். இந்த ஊருக்கே நேரம் குறிச்சுக் கொடுத்தவன் நான். எனக்கு வேற ஆள் சொல்லணுமா? சொல்லாதீங்க. கேக்க என்னால முடியாது."

அவர் தாலாயைப் பார்த்தார். தாலாய் தலையை ஆட்டினான்: "அண்ணன் போன்லயே கண்டுபிடிச்சிட்டாரு."

பெரியவர் பெருமூச்சு விட்டார். அந்த வேலை யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் முகத்தில் பாரம் இறங்கியது எனக்குத் தெரிந்தது. அங்கியை எனக்குப் போர்த்தி, இடுப்பில் துணியைக் கட்டி, முடிச்சை இறுக்கினார்.

"நல்லதாப் போச்சு. காலையிலேருந்து எப்படிச் சொல்றதுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். மகளுக்காக நீ திடமா இருக்கணும்பா."

பாட்டியை இழந்த பேத்திக்கு நான் ஏன் திடமாக இருக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. வயசானவர், நாக்குக் குழறுகிறது என்று விட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்கள் கம்பை ஊன்றி, குனிந்து வரிசையாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைக்கும் சத்தம், ஒன்றோடொன்று கலந்து, யார் குரல் எது என்று பிரிக்க முடியாமல் வந்தது. தூரத்திலிருந்து வருகிற மகன் எட்டி நின்றே உரக்க அழைத்து அழ வேண்டும். கடைசிக் கொஞ்ச தூரத்தை ஓடிக் கடக்க வேண்டும். உள்ளே கிடப்பவருக்குக் கேட்க வேண்டும் என்பார்கள்.

நான் தோளிலிருந்த கைகளை உதறிவிட்டு ஓடினேன்.

"ஐயோ, என் அபா! என்னைப் பெத்தவளே! நான் வந்துட்டேன் அபா! ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா, என் அபா!"

தொண்டை கிழியக் கத்தினேன். வரிசையில் முதலில் நின்றவர் அழுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அடுத்தவரும் நிமிர்ந்தார். அத்தா கம்பின்மேல் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்திருந்தது. யாராவது என்னைத் தடுத்திருக்கலாம். யாருக்கும் கை வரவில்லை. நான் இன்னொரு முறை "அபா!" என்று கத்தினேன். உள்ளே ஒப்பாரி ஒவ்வொரு குரலாக அடங்கியது. மேரிமின் குரல் மட்டும் அடங்கவில்லை. இப்போது அது தனியாகக் கேட்டது.

கூடாரத்தின் கதவுக் கம்பளி விலகியது. அபா வெளியே வந்தாள்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. யாரோ பிடிக்க வந்தார்கள், கையைத் தட்டிவிட்டாள். உயிரோடு இருக்கிறவளைச் சொல்லி ஊர் கேட்க அழுதிருக்கிறேன். அதைவிடக் கெட்ட சகுனம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவள் முகத்தில் கோபம் இல்லை. மெல்ல நடந்து வந்து, என் இடுப்புத் துணியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன்டா" என்றாள். "யாரும் உன்கிட்ட சொல்லலையா?"

நான் அவளைப் பார்த்தேன், அவள் பின்னால் இருந்த கதவைப் பார்த்தேன். 'உள்ள இருக்கா' என்று அத்தா போனில் சொன்னார். அத்தாவுக்குப் பொய் சொல்ல வராது.

"காலையில பால் கறந்துட்டு வந்தா. எனக்குத்தான் டீ போட்டா. கோப்பையை என் கையில கொடுத்துட்டு வாசல்ல உக்காந்தா, அப்படியே சாஞ்சிட்டா. நான் கூப்பிடக் கூப்பிட எழுந்திரிக்கலடா. இதயம் கெட்டவ நான் இருக்கேன், அவ போயிட்டா."

நான் நின்றேன். ஊரே நின்றது. காலையில் படிக்கட்டில் உட்கார்ந்து அல்லாவுக்கு நான் நன்றி சொன்னபோது, சய்ரா இங்கே படுத்திருந்தாள்.

"அழுடா" என்றாள் அபா மெதுவாக. "அவ பேரைச் சொல்லி அழு. இவ்வளவு நேரமா உனக்காகத்தானே வெச்சிருக்கோம். அவளுக்காக ஒரு தரம் சத்தமா அழு, எல்லாரும் கேக்கட்டும்."

வாயைத் திறந்தேன். சய்ரா என்று சொல்லப் பார்த்தேன். குரல் வரவில்லை. பால்காஷிலிருந்து ஓஷ் வரை, கணவாய் முழுக்க, இந்த வாசல்வரை, அவளுக்குரிய அழுகை எல்லாவற்றையும் வேறொருத்திக்காகச் செலவழித்துவிட்டு வந்திருந்தேன். மறுபடி முயன்றேன். காற்றுதான் வந்தது.

அபா என் கையைப் பிடித்துக்கொண்டு, கூடாரத்தின் பக்கம் திரும்பி, அந்த இளைத்த மூச்சில் எனக்குப் பதிலாக அவளே உரக்க அழ ஆரம்பித்தாள்.